ஆக்ஸ்போர்டில் ஒரு கல், இடையன்குடியில் ஒரு கல்லறை



ஜி.யு. போப்பின் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று எழுதியிருப்பதாக எத்தனை மேடைகளில் கேட்டிருப்பீர்கள்! நானும் அதைக் கேட்டுக் கண் கலங்கியவன். கேட்டதை அப்படியே பிறருக்கும் சொன்னவன். ஆனால் ஆக்ஸ்போர்டில், செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் நிற்கிற கல்லில் அந்த வரி இல்லை. அவர் பெயர் இருக்கிறது. பிறந்த ஆண்டு 1820, இறந்த ஆண்டு 1908 இரண்டும் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்ற செய்தி இருக்கிறது. இந்தக் கல்லை வைத்தவர்கள் அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் என்றும் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். நாம் சொல்லிவந்த கதையைவிட இது பெரிதல்லவா? நம் சாயர்புரத்தில் பள்ளி நடத்தியவர், 1886ல் திருக்குறளையும் 1900ல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தவர். அவர் கண் மூடியபோது, கடலுக்கு அப்பால் கல் நட நம் முன்னோர் கைகொடுத்திருக்கிறார்கள். நன்றி மறவாத அந்தத் தமிழர்களை நாம் மறந்துவிட்டோம். கல்லில் இல்லாத வரியை மட்டும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறோம்.

ஆக்ஸ்போர்டு தொலைவு, போய்ப் பார்க்க முடியவில்லை என்று சொல்லலாம். இடையன்குடி தொலைவா? செம்மண் தேரியும் பனையும் சூழ்ந்த அந்த ஊருக்கு 1841ல் கால்டுவெல் வந்து சேர்ந்தார். அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856ல் வந்தது. நம் திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை 1881ல் எழுதி வெளியிட்டார். 1847ல் தொடங்கிய ஆலயத்தை 1880ல்தான் முடித்தார். ஒரு கோயிலுக்கு முப்பத்து மூன்று ஆண்டு! 1891 ஆகஸ்டில் கொடைக்கானலில் உயிர் பிரிந்தது. உடல் மலையிறங்கி, நெடுவழி வந்து, அவர் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அடங்கியது. அயர்லாந்தில் பிறந்தவருக்கு இடையன்குடிதான் சொந்த ஊர் என்று அந்த மண் சொல்கிறது. இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் அங்கே போயிருக்கிறோம்?

எட்டயபுரத்துக்குப் பாரதி பிறந்த வீட்டைப் பார்க்கப் போகிறோம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் அதே ஊர்தான். பலர் அங்கே எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை எதிர்த்து வந்து செத்த வெள்ளைச் சிப்பாய்களின் கல்லறைகளும் அந்தப் பக்கத்திலேயே கிடக்கின்றன. பகைவன் கல்லறைதானே என்று விட்டுவிடக் கூடாது. கட்டபொம்மன் படை எப்படிப் போரிட்டது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

1905ல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளைத் திரட்டி ஒரு பெரிய புத்தகமாகவே போட்டார். அதில் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். நம் தமிழ்க் கல்லறைகளை, தர்காக்களை, சமாதிகளை அப்படி ஊர் ஊராகப் படித்து எழுதும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும். கல் காத்திருக்காது. உப்புக்காற்று அரிக்கிறது. நல்லெண்ணத்தோடு நாம் அடிக்கிற சுண்ணாம்பும் எழுத்தை மூடிவிடுகிறது.

மாணவத் தம்பிகளே, தங்கைகளே, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கல்லறைக்குப் போங்கள். கல்லில் உள்ளதை உள்ளபடி, எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தாமல் எழுதி வாருங்கள். எழுதியதை நம் நூலகத்தில் கொண்டுவந்து கொடுங்கள்.