நூறு ரூபாய் நாணயமும் நான் கற்ற பாடமும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பராமரிப்புக் கட்டணம், தண்ணீர் லாரி என்று பேசிக் களைத்திருப்பீர்கள். ஐந்தே நிமிடத்தில் முடித்துவிடுகிறேன்.

என் கையில் இருப்பது 100 ரூபாய் நாணயம். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவின் நூற்றாண்டை ஒட்டி மத்திய அரசு 2017-இல் அறிவித்தது. குறுக்களவு 44 மில்லிமீட்டர், எடை 35 கிராம். பார்ப்பவர்கள் சுத்த வெள்ளி என்று நினைக்கிறார்கள். பாதிதான் வெள்ளி. மீதியில் செம்பு 40 சதவீதம், நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து சதவீதம். போலந்து நாடு தன் இசைமேதை சோபினுக்குத் தங்கத்திலேயே நாணயம் அடித்திருக்கிறது. உலோகம் எதுவானாலும் நோக்கம் ஒன்றுதான்: ஒரு கலைஞருக்கு நாடு செலுத்தும் மரியாதை.

நம் ஓசூருக்கும் எம்.எஸ். அம்மாவுக்கும் ஓர் உறவு உண்டு. அவர் பாடிப் புகழ்பெற்ற ‘குறை ஒன்றும் இல்லை’ பாடலை எழுதிய ராஜாஜி பிறந்தது, பக்கத்தில் இருக்கும் தொரப்பள்ளியில்தான். அந்தப் பாட்டு என் அம்மாவுக்கு உயிர். அவருக்காகத்தான் இந்த நாணயத்தை வாங்கினேன். கடைசிவரை பூஜை அறையில் வைத்திருந்தார்.

அம்மா போன பிறகு, பழைய நாணயங்களுக்கு லட்சக்கணக்கில் விலை என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். புத்தி கெட்டுப்போய் படம் எடுத்து அனுப்பினேன். மறுநாளே போன். நான்கு லட்சம் தருகிறார்களாம். முதலில் பதிவுக் கட்டணம் 2,100. பிறகு வரி என்று 8,500. ரிசர்வ் வங்கி முத்திரையோடு வாட்ஸ்அப்பில் கடிதம் வேறு! மூன்றாவதாக 15,000 கேட்டபோதுதான் என் மருமகள், “மாமா, வாங்குறவங்கதானே பணம் தரணும்? நீங்க ஏன் கட்டுறீங்க?” என்றாள். அதற்குள் 10,600 ரூபாய் போய்விட்டது.

வெளியே சொல்ல வெட்கப்பட்டு மூன்று நாள் பேசாமல் இருந்தேன். பணம் போனதைவிடப் பெரிய தவறு அதுதான். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்திருந்தால், பணம் கைமாறுவதற்குள் தடுத்து நிறுத்த வாய்ப்பு இருந்திருக்கும்.

தயவுசெய்து மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள். ஒன்று, பழைய நாணயம், நோட்டு விற்பனைக்கு ரிசர்வ் வங்கி எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை; தன் பெயரில் வாங்க யாருக்கும் அனுமதியும் தரவில்லை. 2021 ஆகஸ்டிலேயே இதை அறிவித்துவிட்டது. இரண்டு, நினைவு நாணயம் வேண்டுமென்றால் மத்திய அரசின் நாணயச்சாலையிடமே முன்பதிவு செய்து வாங்கலாம். முகமதிப்பைவிட விலை கூடுதலாக இருக்கும். அது ஏமாற்று அல்ல. மூன்று, ஏமாந்தால் மறைக்காதீர்கள். முதலில் 1930, அடுத்து வீட்டில் உள்ளவர்கள், பிறகு சங்கம்.

எம்.எஸ். அம்மா தன் கச்சேரி வருமானத்தையும் இசைத்தட்டு உரிமைத்தொகையையும் அறப்பணிகளுக்கு அள்ளிக் கொடுத்தவர். அவர் முகம் பதித்த நாணயத்தை வைத்து லட்சாதிபதி ஆகப் பார்த்தேன் நான். இப்போது நாணயம் மறுபடியும் பூஜை அறைக்கே போய்விட்டது. இன்று உங்களிடம் காட்டத்தான் எடுத்து வந்தேன். பின்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் கையில் வாங்கிப் பாருங்கள்; திருப்பி மட்டும் கொடுத்துவிடுங்கள்!