வாசிகசாலையும் கைத்தொலைபேசியும்



எனது ஊர் அளவெட்டி. தவில் மேதை தட்சணாமூர்த்தியாலும் கவிஞர் மஹாகவியாலும் பெயர் பெற்ற ஊர். கோயில் வீதியில் தவில் முழங்கினால் ஊரே கேட்கும். கேட்பவனிடம் எவரும் காசு கேட்பதில்லை.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி பேசிற்று. சூழ நின்ற அத்தனை பேரும் செய்தி கேட்டனர். அதற்கு முன்னரே நமது வாசிகசாலைகள் இதைத்தான் செய்தன. பத்திரிகை ஒன்று, வாசிப்போர் பலர். எழுத்தறியாதவருக்கு இன்னொருவர் உரத்து வாசித்துக் காட்டுவார்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் வட்ஸ்அப்பிலும் சூமிலும் வந்தன. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் கைத்தொலைபேசி ஒன்றே. அதையும் தகப்பன் வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். தோட்டக் கூலிக்குப் போகும் தாய், கிடைத்த காசுக்கு அரிசி வாங்குவதா, டேற்றா போடுவதா? அக்காலத்தில் இலங்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டில்தான் கணினி இருந்தது. மலையகத் தோட்டங்களில் அதைவிட மிகக் குறைவு. 2021இல் ஊவாவின் போகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் அலைவரிசை தேடிக் காட்டு வழியே பாறையேறினர். 2022இலோ மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. ஆனால் பரீட்சை மண்டபத்தில் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள். யாருக்குப் பாடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று அது கேட்பதில்லை.

இது இலக்கியத்துக்கும் பொருந்தும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை நாம் மறக்கவில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மஹாகவியின் நூல்களையும் அங்கே வாசிக்கலாம். ரொறன்ரோவில் இருப்பவர் நொடியில் திறந்துவிடுவார். சாதாரண மனிதனைக் காவிய நாயகனாக்கிய அக்கவிஞரின் சொந்த ஊரில், கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்குமா? தீக்குத் தப்பிய நூலை வறுமை பூட்டிவைக்கலாமா?

வீட்டுக்கொரு கணினி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நமது வாசிகசாலைகளில் ஓரிரு கணினிகள், ஓர் இணைய இணைப்பு, மாலையில் சொல்லிக்கொடுக்க ஓர் இளைஞர் அல்லது யுவதி. இவ்வளவும் போதும், தொடங்குவதற்கு. கருவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் அது தூசி படியும். அருகே இருந்து கற்பிக்க ஆள் வேண்டும். வெளிநாட்டில் வாழும் ஊரவர்கள் கோயிலுக்குக் கோபுரம் கட்ட உதவுகிறார்கள். அந்தக் கை வாசிகசாலைப் பக்கமும் நீளட்டும்.

பத்திரிகையைப் பகிர்ந்து படித்த ஊர்களுக்கு இது புதிய பாடமல்ல.