நாங்கள் கட்டிய பாதை
(பழைய மாணவிகள் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



உயர்தரம் படிக்கையில் விஞ்ஞானக் கண்காட்சிக்காக எங்கள் வீட்டு முற்றத்தில் நால்வர் சேர்ந்து ஒரு பாதை கட்டினோம். வெளிநாட்டில் பிறந்த நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே வாவியில் ஆட்களை ஏற்றிச்செல்லும் மிதவைக்கு மட்டக்களப்பில் பாதை என்றே பெயர்.

20 லீற்றர் பிளாஸ்டிக் கான் 6, பழைய பலகைகள், நைலோன் கயிறு. ஒரு கான் ஏறக்குறைய 20 கிலோ தாங்கும். 6 கானுக்கு 120 கிலோ. பலகையின் பாரம் போனாலும் இருவர் ஏறலாம். ஆக்கிமிடிசின் கணக்குப் பிழைக்கவில்லை. ஆனாலும் ஏறியவுடன் கவிழ்ந்தது. கான்களை நடுவில் நெருக்கிக் கட்டியிருந்தோம். பௌதிகவியல் ரீச்சர் சிரிக்கவில்லை. "தாங்கிறது வேற, சரியாம நிக்கிறது வேற பிள்ளையள்" என்றார். இரண்டு ஓரத்துக்கும் தள்ளிக் கட்டினோம், நின்றது.

இதைத் தெரிவுசெய்தவள் விடுதியில் தங்கிப் படித்த படுவான்கரைத் தோழி. அது யுத்த காலம். இரவில் பாதை ஓடாது. பிரசவ வலியோடு அவளுடைய அக்கா விடியும்வரை துறையில் காத்திருந்தார். குழந்தை தங்கவில்லை. பரிசு கிடைத்த அன்று அவள்தான் அழுதாள்.

2014இல் மண்முனையில் பாலம் திறந்தார்கள். பாதையை நம்பும் துறைகள் பிறகும் இருந்தன. ஆகவே நோயாளருக்கு அடுத்த கிளினிக் திகதி எழுதுமுன் நான் கேட்பது: "கடைசிப் பாதை எத்தனை மணிக்கு?" இந்தக் கேள்வியை மருத்துவபீடம் சொல்லித்தரவில்லை, அந்தத் தோழி தந்தாள்.