முதலில் ஜீரோ எரர் பாருங்க!

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



'இன்ஸ்ட்ருமென்டேஷன் படிச்சவன் மூளையைப் பத்திப் பேச வந்துட்டானே' என்று என் வகுப்புத் தோழர்கள் சிரிப்பது மேடையிலிருந்தே தெரிகிறது. சிரிங்கப்பா, தப்பில்லை. நான் டாக்டரும் இல்லை, உயிரியல் படித்தவனும் இல்லை. ஒரு மூளை ஆராய்ச்சிக் கூடத்தில், மைக்ராஸ்கோப் எடுக்கும் படங்களைக் கம்ப்யூட்டரில் அலசி, 'இதில் நரம்புச் செல் இத்தனை' என்று எண்ணிச் சொல்வது என் வேலை. அந்த வேலையில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லத்தான் வந்தேன்.

மூளையில் நரம்புச் செல்லும் உண்டு, மற்ற செல்களும் உண்டு. பிரித்துக் காண ஆன்டிபாடி உதவுகிறது. நமக்கு வேண்டிய புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்வது முதல் ஆன்டிபாடி. அதன்மேல் ஒட்டி ஒளிரும் சாயத்தைச் சுமந்து நிற்பது இரண்டாவது ஆன்டிபாடி. நரம்புச் செல்லுக்கு அடையாளமாக உலகமெங்கும் பயன்படுவது 'நியூஎன்' என்ற உட்கருப் புரதம். 1992-இல் 'ஏ60' என்ற ஆன்டிபாடியைக் கொண்டு இதைக் கண்டறிந்தார்கள். ஆனால் அந்த ஏ60 பிடித்துக்கொண்டிருந்த புரதம் 'ஆர்பிஃபாக்ஸ்-3' என்பது 2009-இல்தான் தெரிந்தது. பதினேழு வருஷம் ஆள் யாரென்று தெரியாமலே அடையாள அட்டையை வைத்து வேலை நடந்திருக்கிறது!

எங்கள் கூடத்தில் நடந்தது இதுதான். மூளையின் ஒரு பக்கத்துக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்ட சுண்டெலிகளில், எத்தனை நரம்புச் செல்கள் பிழைத்தன என்று எண்ண வேண்டும். ஓர் ஆராய்ச்சி மாணவி இரண்டு வருஷமாக உழைத்துக்கொண்டிருந்தார். என் புரோகிராம் எண்ணியது. அடிபட்ட பக்கத்திலும் செல்கள் பெரிதாகக் குறையவில்லை என்று வந்தது. அழகான கிராஃப் போட்டுக் கொடுத்தேன். கருத்தரங்குக்கு அனுப்பவும் தயாராகிவிட்டார்கள்.

கடைசி நேரத்தில் எங்கள் லேப் டெக்னீஷியன் அக்கா ஒரு ஸ்லைடைக் கொண்டுவந்தார். "தம்பி, இதையும் எண்ணிப் பாருங்க" என்றார். எண்ணினேன். நூற்றுக்கணக்கில் நரம்புச் செல் என்று காட்டியது. அக்கா நிதானமாகச் சொன்னார்: "இதுல நான் முதல் ஆன்டிபாடியே போடலை தம்பி."

எனக்கு வியர்த்துவிட்டது. காரணம் பிறகு புரிந்தது. ஏ60 சுண்டெலியில் உண்டான ஆன்டிபாடி. எங்கள் இரண்டாவது ஆன்டிபாடி, சுண்டெலி ஆன்டிபாடி எதைக் கண்டாலும் ஒட்டும். அடிபட்ட இடத்தில் ரத்தக் குழாய் கசிந்து, எலியின் சொந்த ஆன்டிபாடிகளே திசுவில் ஊறியிருந்தன. இரண்டாவது அவற்றின்மேலும் ஒட்டி ஒளிர்ந்தது. அதையெல்லாம் என் புரோகிராம் நரம்புச் செல்லாக எண்ணிவிட்டது.

முயலிலிருந்து பெறப்பட்ட ஆன்டிபாடிக்கு மாறினோம். முதல் ஆன்டிபாடி போடாத ஸ்லைடு இப்போது இருட்டாக இருந்தது. நிம்மதி. ஆனால் அடிபட்ட பக்கத்தில் எண்ணிக்கை சரிந்துவிட்டது. 'சரி, எல்லாம் செத்துப்போச்சு' என்று எழுதப்போனேன். மறுபடி அக்காதான் தடுத்தார். பக்கத்து வெட்டுத் துண்டைக் கிரெசில் வயலெட் சாயத்தில் போட்டுக் காட்டினார். காயத்தின் ஓரத்தில் நரம்புச் செல்கள் உருவம் மாறாமல் இருந்தன! 2004-இலேயே ஓர் ஆய்வு இதை எச்சரித்திருக்கிறது: ரத்த ஓட்டத் தடைக்குப் பிறகு நியூஎன் ஒளி மங்கினால், செல் செத்துவிட்டது என்று பொருள் இல்லை. புரதம் இருந்தும் ஆன்டிபாடி பிடிக்காமல் போகலாம்.

ஆக, முதல் தடவை இல்லாததை இருப்பதாகச் சொன்னேன். இரண்டாம் தடவை இருப்பதை இல்லை என்று சொல்லப் பார்த்தேன். அந்த மாணவி கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பல மாதம் மறுபடி உழைத்தார். என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டவை:

ஒன்று, ஆன்டிபாடி வாங்கும்முன் எந்த விலங்கில் உண்டானது, எந்த விலங்கின் திசுவில் போடப்போகிறீர்கள் என்று பாருங்கள். இரண்டும் ஒன்றானால் எச்சரிக்கை.

இரண்டு, வெஸ்டர்ன் பிளாட்டில் வேலை செய்வது திசுத் துண்டிலும் வேலை செய்யும் என்று நம்பாதீர்கள். உங்கள் சோதனையிலேயே நிரூபித்துப் பாருங்கள்.

மூன்று, எத்தனை மடங்கு நீர்க்க வேண்டும் என்பதை அட்டையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நாலைந்து அளவில் போட்டுப் பாருங்கள்.

நான்கு, இருக்கும் இடம், இல்லாத இடம் இரண்டையும் சோதியுங்கள். சிறுமூளை நல்ல உதாரணம். அங்கே கிரானுல் செல்கள் ஒளிரும். பர்கின்ஜி செல்கள் நரம்புச் செல்லாக இருந்தும் ஒளிராது. அந்தப் புரதத்தின் ஜீன் நீக்கப்பட்ட திசு கிடைத்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஐந்து, குளோன் பெயர், லாட் எண் இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். விலங்கின் ரத்தத்திலிருந்து எடுக்கும் பாலிகுளோனல், லாட்டுக்கு லாட் மாறும். அமினோ அமில வரிசை தெரிந்த ரீகாம்பினன்ட் ஆன்டிபாடிகளுக்கு மாற வேண்டும் என்று 2015-இல் நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் 'நேச்சர்' இதழில் கேட்டுக்கொண்டது இதனால்தான்.

பட்ஜெட் போடும் பதவிகளில் இருக்கும் அண்ணன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு சின்னக் குப்பியின் விலை பல்லாயிரம் ரூபாய். காசு குறைந்தால் முதலில் வெட்டு விழுவது இந்தச் சோதனை ஸ்லைடுகளுக்குத்தான். தயவு செய்து அதில் கை வைக்காதீர்கள்.

முதலாண்டு பிசிக்ஸ் லேபில் ஸ்குரூ கேஜைக் கையில் கொடுத்துவிட்டு, "ஜீரோ எரர் பார்த்தியா?" என்று கேட்பார் எங்கள் சார். பார்க்கவில்லை என்றால் அப்சர்வேஷன் நோட்டு அப்படியே திரும்பி வரும். அன்றைக்கு முணுமுணுத்தோம். அக்கா கொண்டுவந்த அந்த ஸ்லைடு வேறென்ன? என் வேலைக்கு ஜீரோ எரர் அதுதான். நான்தான் கேட்கவில்லை.

சார் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சார், இப்பல்லாம் முதல்ல அதைத்தான் சார் பார்க்கிறேன்.