அறுபதுக்கு மேல் முகத்துக்கு என்ன வாங்குவது?

(நம் குடியிருப்பின் மூத்தோர் கூடுகையில், கிளப் ஹவுஸில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே எழுத்தில்.)



பேச ஆரம்பிக்கும் முன் ஒன்று செய்து பார்த்துவிடுவோம். ஒரு கையைத் தூக்கி, முழங்கைக்கு மேலே உள்பக்கத்துத் தோலைப் பாருங்கள். ரவிக்கையோ சட்டையோ எப்போதும் மூடியிருக்கும் இடம். பிறகு அதே கையின் புறங்கையைப் பாருங்கள். இரண்டுக்கும் வயது ஒன்றுதான். ஆனால் ஒன்று ஒரே நிறமாக, மெத்தென்று இருக்கிறது. மற்றதில் புள்ளி, கருமை, கசங்கிய காகிதம் மாதிரி சுருக்கம். உள்பக்கம் காட்டுவது வயதை. புறங்கை காட்டுவது வயதையும் அத்தனை வருட வெயிலையும் சேர்த்து. நாம் கடையில் காசு கொடுத்துச் சரிசெய்யப் பார்ப்பது பெரும்பாலும் இந்த வெயில் கணக்கைத்தான்.

நான் டாக்டர் இல்லை. பி.காம் படித்துவிட்டு வங்கியில் 35 வருடம் கிளார்க்காக இருந்தவள். அந்த வேலை சொல்லிக்கொடுத்த ஒரே பாடம், தாளில் அச்சிட்டிருப்பதை முழுதாகப் படிக்காமல் முத்திரை குத்தக்கூடாது என்பது. அந்தப் பழக்கத்தை கிரீம் டப்பாக்களுக்கும் கொண்டுவந்தது என் தங்கைக்கு நேர்ந்த ஒரு விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வெயில். வெயிலில் யுவிபி என்று ஒரு கதிர், தோலைச் சுடுவது. யுவிஏ என்று இன்னொன்று, இன்னும் ஆழமாகப் போய், தோலுக்கு உறுதி தரும் கொலாஜனைச் சிதைப்பது. யுவிபியைக் கண்ணாடி ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும். யுவிஏ சாதாரண ஜன்னல் கண்ணாடி வழியாக நன்றாகவே உள்ளே வரும். 2012-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு லாரி ஓட்டுநரின் படம் வந்தது. 69 வயது, 28 வருடம் லாரி ஓட்டியவர். அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். அவருடைய இடது கன்னம் மட்டும் தடித்து, தொங்கி, வரிவரியாக. வலது கன்னம் பத்துப் பதினைந்து வயது இளையவருடையது போல. நம் ஊரில் கார் ஓட்டுபவர்கள் வலது கன்னத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பார்த்த வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேப்பர் படிப்பவர்களும்தான்.

ஆகையால், ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் அது சன்ஸ்கிரீன். முதுமைக்கு எதிரான கிரீம் என்று பெட்டியில் போடாவிட்டாலும், அந்தப் பெயருக்கு முதல் தகுதி அதற்குத்தான். ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2013-ல் வெளியானது. தினமும் பூசச் சொன்ன குழுவுக்கு, இஷ்டப்பட்டபோது பூசிய குழுவைவிட, நாலரை வருடத்தில் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு. "55-க்கு உட்பட்டவர்கள்தானே, நமக்கு எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பழைய சேதத்தை இது அழிக்காது. ஆனால் மங்கு, கரும்புள்ளி போன்றவற்றுக்கு வேறு எந்த மருந்து போட்டாலும், வெயிலைத் தடுக்காவிட்டால் ஒரு பக்கம் வரவு வைத்து மறுபக்கம் எடுத்துக்கொண்டே இருப்பது மாதிரி. மாநிறத்தவர்களான நமக்குச் சுருக்கத்தைவிட இந்தக் கருமைதான் முதலில் வருகிறது.

டப்பாவில் என்ன பார்க்க வேண்டும்? எஸ்பிஎஃப் 30 என்றால் சுடும் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காக இரட்டை விலை கொடுக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியம் பிஏ என்ற எழுத்துக்கு அருகில் எத்தனை பிளஸ் குறி இருக்கிறது என்பது. அதுதான் யுவிஏ கணக்கு. மூன்றோ நான்கோ இருக்கட்டும். கன்னத்தில் மங்கு இருப்பவர்களுக்கு, அயர்ன் ஆக்சைடு கலந்த, லேசாக நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் கூடுதல் உதவி. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கை அதிகப்படுத்தும். அதை இந்த நிறம் கொஞ்சம் தடுக்கும்.

இப்போது கிளார்க் கணக்கு. சோதனைக்கூடத்தில் எஸ்பிஎஃப் அளக்கும்போது நன்றாகத் தாராளமாகப் பூசித்தான் அளக்கிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அந்த அளவு வர, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்க வேண்டும். ஒரு கிராமுக்குக் குறையாது. அப்படியானால் 50 கிராம் ட்யூப் ஒன்றரை மாதத்துக்குமேல் வரக்கூடாது. உங்கள் ட்யூப் தீபாவளிக்கு வாங்கியது சித்திரை வரை வருகிறதென்றால், நீங்கள் வாங்கிய 50 உங்கள் முகத்தில் 50 ஆக இல்லை. அதனால்தான் சொல்கிறேன், தாராளமாகப் பூச மனம் வரும் விலையில் வாங்குங்கள். 400 ரூபாய் ட்யூபை அள்ளிப் பூசுவது, 1,500 ரூபாய் ட்யூபைப் பொட்டு வைப்பதுபோல் தொட்டுக்கொள்வதைவிட மேல்.

அடுத்தது வறட்சி. வயதாக ஆகத் தோலில் எண்ணெய்ப்பசை குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடத்தில் கொலாஜன் சுமார் 30 சதவீதம் வரை குறைவதாகச் சொல்கிறார்கள். வறண்ட தோலில் சின்ன வரியும் பெரிதாகத் தெரியும். ஒரு நல்ல மாய்ஸ்சரைசர் போட்டவுடனே முகம் "இளமையாக" தெரிவதன் ரகசியம் இதுதான். தோல் நீரைப் பிடித்து உப்பிக்கொள்கிறது, வரி மறைகிறது. மறுநாள் மீண்டும் பூச வேண்டும். இதற்கு கிளிசரின் போதும். ஹயலூரானிக் அமிலம் என்று பெரிய எழுத்தில் போட்டு விற்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. குளித்து ஈரம் ஒற்றிய மூன்று நிமிடத்துக்குள் பூசினால் பாதி கிரீமிலேயே வேலை முடியும். கொதிக்கக் கொதிக்க வெந்நீரும், உடம்பு முழுக்க இரண்டு வேளை சோப்பும் வேண்டாம். தேங்காய் எண்ணெயும் கை கால் வறட்சிக்கு நன்றாகவே கேட்கும். முகப்பரு வரும் வாகு உள்ளவர்கள் முகத்தில் மட்டும் தவிர்க்கலாம்.

சரி, உண்மையாகவே சுருக்கத்தைக் குறைப்பதாக ஆதாரம் உள்ள பொருள் எதுவுமே இல்லையா? இருக்கிறது. ட்ரெட்டினோயின். வைட்டமின் ஏ குடும்பம். பருவுக்கு என்று வந்த மருந்து. வெயிலால் முதுமை அடைந்த தோலைத் திருத்துகிறது என்று அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஆல்பர்ட் கிளிக்மன் 1986-ல் எழுதினார். அதற்குப் பிறகு பலரும் சோதித்து உறுதி செய்துவிட்டார்கள். இதை டாக்டர் சீட்டோடுதான் வாங்க வேண்டும். கடையில் சும்மா கிடைக்கும் ரெட்டினால் இதன் சாதுவான தங்கை. இரவில் மட்டும், பட்டாணி அளவு, முதலில் வாரம் இரண்டு நாள். சிவந்து தோல் உரியும். அவசரப்பட்டால் அதிகம் உரியும். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். ஒரு எச்சரிக்கை: வீட்டில் மகளோ மருமகளோ கர்ப்பமாக இருந்தால், அல்லது குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தால், உங்கள் ட்யூபைத் தொட விடாதீர்கள்.

நியாசினமைடும் சுமாராக நல்லது, தோலை அதிகம் உறுத்தாது. வைட்டமின் சி சீரம் நல்லதுதான், ஆனால் நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரம் கெடும். பழுப்பாக மாறிவிட்டால் காசு போனது போனதுதான். கொலாஜன் கிரீம் என்பதைப் பற்றி ஒரு வரி: கொலாஜன் மூலக்கூறு தோலுக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. மேலே உட்கார்ந்து ஈரம் பிடிக்கும், அவ்வளவே. கண்ணுக்குத் தனி கிரீம், கழுத்துக்குத் தனி கிரீம் என்று வாங்குவது பெட்டிக்குக் கொடுக்கும் காசு.

இனி லேபிள். சேர்மானப் பட்டியலில் அதிகம் உள்ளது முதலில் வரும். ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் போடலாம். ஆகவே பெட்டி முகப்பில் குங்குமப்பூ படம் பெரிதாக இருந்து, பட்டியலில் அது வாசனைப் பொருளுக்கும் பின்னால் கடைசியில் இருந்தால் புரிந்துகொள்ளுங்கள். உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, தயாரித்தவர் முகவரி இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளென்றால் இறக்குமதி செய்தவர் முகவரியும் பதிவு எண்ணும். திறந்த டப்பா படத்துக்குள் 12 எம் என்று இருந்தால், திறந்த நாளிலிருந்து 12 மாதம். திறந்த தேதியை டப்பாவின் அடியில் பேனாவால் எழுதிவிடுவது என் பழக்கம். ஒரு கிராம் என்ன விலை என்றும் வகுத்துப் பாருங்கள். 30 கிராம் 1,800 ரூபாய் என்றால் கிராம் 60 ரூபாய். இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் வைத்து வகுத்தால் பல சமயம் சேர்மானம் ஒன்றாகவும் விலை பத்து மடங்காகவும் இருக்கும்.

இப்போது தங்கை. அவளுக்கு அப்போது 58. அவள் ஊரில் ஒரு பியூட்டி பார்லரில் சின்ன வெள்ளை டப்பாவில் ஒரு கிரீம் கொடுத்தார்கள். மேலே ஒரு எழுத்து கிடையாது. "எங்கள் சொந்தக் கலவை, மேடம்." பத்தே நாளில் முகம் பளபளவென்று ஆனது. கல்யாண வீட்டில் எல்லோரும் விசாரித்தார்கள், நாலு பேர் வாங்கவும் செய்தார்கள். நாலைந்து மாதம் கழித்து டப்பா தீர்ந்து, நிறுத்தினாள். மூன்றாம் நாள் முகம் தீயாய் எரிந்தது. சிவந்து, கன்னத்தில் ரத்த நாளங்கள் வலை மாதிரி தெரிய ஆரம்பித்தன, தாடையில் பூனைமுடி. மறுபடி பூசினால் அடங்கும், நிறுத்தினால் எரியும். தோல் டாக்டர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார், அது ஸ்டீராய்டு. தோலை மெலிதாக்கிவிட்டது. ஏற்கனவே வயதால் மெலிந்த தோல். சரியாக ஒரு வருடம் பிடித்தது. அந்த வருடம் அவள் எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. வீடியோ அழைப்பில்கூட முகம் காட்ட மாட்டாள், குரல் மட்டும்தான்.

மருந்துக் கடையிலேயே "முகக் கிரீம்" என்று கேட்டு வாங்கும் ட்யூப்களிலும் இது உண்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இவை தப்பான மருந்துகள் அல்ல. டாக்டர் சொன்ன நோய்க்கு, சொன்ன நாள் வரைக்கும் நல்ல மருந்து. முகம் வெளுக்க என்று பூசுவதுதான் ஆபத்து. ஏற்கனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் நான் சொன்னேன் என்று இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் டப்பாவோடு போங்கள், படிப்படியாகக் குறைத்துத் தருவார்.

இன்னொரு ஆபத்து பாதரசம். நம் விதிப்படி முகக் கிரீமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குமேல் இருக்கக்கூடாது. லேபிள் இல்லாத சிவப்பழகுக் கிரீம்களில் அதைப் பல மடங்கு தாண்டும். கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021-க்கும் 2023-க்கும் இடையில் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்களில் பலர் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்கள் என்று டாக்டர்கள் கண்டுபிடித்து எழுதினார்கள். தோலில் பூசியது சிறுநீரகத்தில் போய் நிற்கிறது. நம் வாட்ஸ்அப் குழுவில் அவ்வப்போது "வீட்டிலேயே தயாரித்தது" என்று டப்பா விற்பனைச் செய்தி வருகிறது. விற்பவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. சேர்மானப் பட்டியலைக் கேளுங்கள், தராவிட்டால் வாங்காதீர்கள். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்ப்பதும் வேண்டாம். அதோடு வெயிலில் போனால் கருகிப் படை மாதிரி விழும்.

பேச்சு முடிந்ததும் நல்ல கேள்விகள் வந்தன. ரத்த அழுத்த மாத்திரைக்கும் வெயிலுக்கும் சம்பந்தம் உண்டா என்று ஒருவர் கேட்டார். உண்டு. ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த மாத்திரை வெயிலுக்குத் தோலை எளிதில் கருக்கவிடும். மாத்திரையை நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லி, சன்ஸ்கிரீனைக் கூட்டுங்கள். பித்தவெடிப்பு பற்றிக் கேட்டவருக்கு: யூரியா சேர்ந்த கிரீம், இரவில் பூசிக் காட்டன் சாக்ஸ். சர்க்கரை இருந்தால் விரலிடுக்கில் பூசக்கூடாது, வெடிப்பில் ரத்தம் வந்தால் நேராக டாக்டர். கழுத்துப் பின்புறம் வெல்வெட் மாதிரித் தடித்துக் கருத்தால் அது கிரீமுக்கு வேலை இல்லை, சர்க்கரை பரிசோதனைக்கு வேலை. மாதக்கணக்கில் ஆறாத புண், நிறமோ வடிவமோ மாறும் மச்சம், முக்கியமாக உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாகக் கருங்கோடு தெரிந்தால் ஒரு கிரீமும் பூசாமல் தோல் டாக்டரைப் பாருங்கள்.

ஆண்களுக்குத் தனி கிரீம் வேண்டுமா என்று பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி. வேண்டாம் சார், வீட்டில் இருக்கும் அதே ட்யூப் போதும். ஆனால் வழுக்கையிலும் காது மடலிலும் பூச மறக்காதீர்கள், காலை நடைக்குத் தொப்பியும் போடுங்கள். அடுத்த கூடுகைக்கு அவரவர் வீட்டு டப்பாக்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எழுத்து பொடியாக இருக்கும், என்னிடம் லென்ஸ் இருக்கிறது.