தனிமங்களின் வரிசையும் அணுவின் உள்ளமைப்பும்

(சங்க மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உயர்நிலைப் பள்ளியில் பயிலும் நம் சிறுவர் சிறுமியரை நோக்கி, வேதியியலில் எப்பகுதி கடினமானது என்று வினவின், பெரும்பாலோர் தயக்கமின்றி இரண்டு பாடங்களைச் சுட்டுவர். ஒன்று அணு அமைப்பு. மற்றொன்று தனிமங்களின் ஆவர்த்தன அட்டவணை. ஒன்பதாம் வகுப்பில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. பத்தாம் வகுப்பில் அட்டவணை மீண்டும் தலைகாட்டுகின்றது. இவ்விடத்தே மனம் முறிந்து, ‘அறிவியல் எனக்கு ஆகாது’ என்று பதினோராம் வகுப்பில் வேறு பிரிவை நாடிச் செல்லும் பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் உளர். கணக்குப் பதிவும் வணிகவியலும் பயில்வது குறைவன்று. ஆனால் விருப்பத்தினால் ஒன்றைக் கொள்ளுதல் வேறு. அச்சத்தினால் மற்றொன்றை விடுதல் வேறு. மருத்துவம், மருந்து, உரம், சாயம், உலோகம் முதலிய துறைகள் பலவற்றிற்கும் வாயில் இப்பாடமேயாதலின், வாயிற்படியிலேயே குழந்தைகள் திரும்பிவிடாதபடி செய்யும் வழி யாது என்பதனை ஆராயக் கருதியே இன்று இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

எம் கருத்து இது: பிள்ளைகள் இப்பாடத்தைத் தலைகீழாகப் பயில்கின்றனர். முதலில் அணுவின் உள்ளே எலக்ட்ரான்கள் இரண்டு, எட்டு என்று அடுக்கப்பட்டிருப்பதாக மனப்பாடம். பின்னர் 118 தனிமங்களின் பெயரும் எண்ணும் மனப்பாடம். உலகம் இதனைக் கற்றதோ இம்முறையில் அன்று. பொருள்களின் குணத்தை முதலிற் கண்டனர். குணத்தைக் கொண்டு வரிசை அமைத்தனர். வரிசை அமைந்து நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே, அவ்வரிசை ஏன் அவ்வாறு அமைந்தது என்பதற்கு விடையாக அணுவின் உட்புறம் புலப்பட்டது. கேள்வி பிறவாமுன் விடையை ஓதுவித்தால் அது நெஞ்சில் தங்குமோ?

ஆகவே குணத்திலிருந்தே தொடங்குவோம். லித்தியம், சோடியம், பொட்டாசியம் என்னும் மூன்றும் உலோகங்கள். மூன்றும் கத்தியால் அரியத்தக்க மென்மையுடையன. சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மண்ணெண்ணெயில் மூழ்க வைத்துப் பாதுகாப்பர். நீரில் இட்டால் லித்தியம் அடக்கமாகவும், சோடியம் துள்ளியோடியும், பொட்டாசியம் ஊதாநிறத் தீப்பற்றியும் வினைபுரியும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போன்ற இவற்றின் அணு நிறைகள் ஏறத்தாழ 7, 23, 39 ஆகும். முதலதையும் மூன்றாவதையும் கூட்டிப் பாதியாக்கின் நடுவணது கிடைக்கும். இத்தகைய மும்மைகளை டோபரைனர் என்னும் ஜெர்மானியர் 1829இல் எடுத்துக்காட்டினார். ஆங்கிலேயராகிய நியூலண்ட்ஸ், நிறை வரிசையில் தனிமங்களை நிறுத்தினால் எட்டாவது வருவது முதலாவதை ஒத்திருக்கக் கண்டு, ஏழு சுரம் முடிந்து மேல் ஸட்ஜம் பிறப்பது போன்றது இஃது என்று 1866இல் இலண்டன் வேதியியற் கழகத்தில் உரைத்தார். அவையிலிருந்த ஒருவர், தனிமங்களை எழுத்து வரிசையில் அடுக்கிப் பார்த்ததுண்டோ என்று எள்ளி நகையாடினார். நகைத்தவர் செய்தது நன்றன்று. எனினும் நியூலண்ட்ஸிடத்தும் ஒரு குறை இருந்தது. அன்று அவர் காட்டிய பட்டியலில் எவ்விடமும் வெற்றிடமாக விடப்படவில்லை. இடம் போதாதபோது ஒரே கட்டத்தில் இரண்டு தனிமங்களைத் திணித்துவிட்டார்.

வெற்றிடம் விடும் துணிவு வேறொருவருக்கு வாய்த்தது. அவரே டிமித்ரி மெண்டலீவ். சைபீரியாவில் டொபோல்ஸ்க் என்னும் ஊரில் 1834இல், பல பிள்ளைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்தார். பள்ளித் தலைமையாசிரியராகிய தந்தை அவ்வாண்டிலேயே கண்பார்வை இழக்க, தாயார் மரியா ஒரு கண்ணாடித் தொழிற்சாலையை நடத்திக் குடும்பத்தைத் தாங்கினார். தந்தை 1847இல் காலமானார். அடுத்த ஆண்டு தொழிற்சாலையும் தீக்கிரையாயிற்று. அவ்வம்மையார் அதன் பின்னும் தளர்ந்திலர். கடைசி மகனைக் கல்வியில் ஏற்றிவிட வேண்டுமென்று, சுமார் இரண்டாயிரம் கிலோமீட்டர் கடந்து மாஸ்கோவுக்கு அழைத்துச் சென்றார். ஆங்குள்ள பல்கலைக்கழகம் இடங்கொடுக்கவில்லை. அங்கிருந்து பீட்டர்ஸ்பர்க் சென்று, ஆசிரியப் பயிற்சிக் கல்விச்சாலை ஒன்றில் 1850இல் மகனைச் சேர்ப்பித்தார். அவ்வாண்டே உயிர் நீத்தார். தாய்மார்கள் இவ்வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும். பாடநூலில் இருப்பது தாடி மிக்க ஒரு முதியவரின் படம் மட்டுமே.

மெண்டலீவ் பேராசிரியராகித் தம் மாணவர்க்கெனப் பாடநூல் எழுதுங்கால், அந்நாளில் அறியப்பட்ட 63 தனிமங்களை எம்முறையில் சொல்வது என்று எண்ணியதன் பயனாகவே 1869இல் அட்டவணை பிறந்தது. கற்பிக்கும் வழியைத் தேடப் போய் இயற்கையின் விதியைக் கண்டார் என்பது ஆசிரியர்கள் பெருமைப்படத்தக்க செய்தி. ஜெர்மனியில் லோதர் மேயரும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே முடிவை அணுகினார் என்பதையும் நீதி கருதிச் சொல்லிவிடுகிறோம்.

குணம் பொருந்தாத இடத்தில் தனிமத்தைத் திணியாமல், ‘இங்கு இருக்கவேண்டியவர் இன்னும் வரவில்லை’ என்று மெண்டலீவ் இடம் விட்டார். வராத அவ்விருந்தினர்க்கு அவர் இட்ட பெயர்கள் ஏக அலுமினியம், ஏக போரான், ஏக சிலிக்கான் என்பன. ‘ஏக’ என்பது நாமறிந்த வடசொல்லே. அலுமினியத்துக்கு ஒரு படி அடுத்தது என்று பொருள். பெயரிட்டதோடு அமையாமல் 1871இல் அவற்றின் நிறை, அடர்த்தி, குணங்களையும் எழுதிவைத்தார். 1875இல் பிரான்சு நாட்டு லகோக் காலியம் என்னும் தனிமத்தைக் கண்டார். அதுவே ஏக அலுமினியம். லகோக் முதலில் அளந்த அடர்த்தி 4.7. மெண்டலீவோ, அப்பொருளைக் கண்ணாற் காணாமலே, 5.9 ஆக இருக்கவேண்டும். பொருளைத் தூய்மைசெய்து மீண்டும் அளக்க என்று எழுதினார். அளந்தனர், 5.9 ஆகவே இருந்தது! காலியம் ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும். நம் ஊர்க் கோடையில் சீசாவிலேயே நீராகிவிடும். 1879இல் ஸ்காண்டியமும், 1886இல் ஜெர்மானியமும் வந்து எஞ்சிய இரண்டு இடங்களையும் நிரப்பின. ஏக சிலிக்கானுக்கு அவர் எழுதிய அணு நிறை 72. ஜெர்மானியத்தின் நிறை 72.6.

நிற்க. அட்டவணையில் ஒரு முள்ளும் இருந்தது. டெல்லூரியத்தின் நிறை 127.6, அயோடினின் நிறை 126.9. நிறைப்படி அயோடினே முன் வரல் வேண்டும். குணமோ, அயோடினைக் குளோரின் புரோமின் வரிசைக்கு ஈர்க்கின்றது. மெண்டலீவ் குணத்தையே நம்பி டெல்லூரியத்தை முன் வைத்து, அதன் நிறையை அளந்தவர் தவறியிருப்பர் என்றார். அளவை தவறவில்லை, ஆயினும் அவர் வைத்த இடம் சரியே! காரணத்தை 1913இல் மோஸ்லி என்னும் ஆங்கில இளைஞர் எக்ஸ் கதிர்களைக் கொண்டு விளக்கினார். தனிமத்தின் இடத்தைத் தீர்மானிப்பது நிறையன்று. அணுக்கருவிலுள்ள மின்னூட்டத்தின் எண்ணிக்கை. இன்று அதனையே அணு எண் என்கிறோம். டெல்லூரியம் 52, அயோடின் 53. இத்துணை அரிய செயல் புரிந்த மோஸ்லி 1915ஆம் ஆண்டு ஆகஸ்டில், இருபத்தேழாம் வயதில், கலிப்பொலிப் போர்முனையில் குண்டுபட்டு இறந்தார்.

இனி அணுவின் உட்புகுவோம். 1897இல் தாம்சன் எலக்ட்ரானைக் கண்டார். 1911இல் ரதர்ஃபோர்டு, மெல்லிய பொற்றகட்டின் மேல் எறிந்த ஆல்ஃபா துகள்களுட் பெரும்பாலன ஊடுருவிச் செல்ல, மிகச் சில மட்டும் எதிர்த்துத் திரும்பியதைக் கொண்டு, அணுவின் நிறை பெரும்பாலும் நடுவே ஒரு சிறு கருவில் அடங்கியுள்ளது என்று நிறுவினார். அக்கருவை ஒரு கடுகளவாக இம்மண்டபத்தில் வைத்தால், அணுவின் எல்லை பல பத்து மீட்டர்களுக்கு அப்பால், வெளியே தெருவில் அமையும். 1913இல் போர், எலக்ட்ரான்கள் படிப்படியான ஆற்றல் நிலைகளில் உள்ளன என்றார். 1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டார். பாடநூலில் கோளங்கள் போல் வட்டமிடும் எலக்ட்ரான் படம் ஒரு தொடக்கப் படமே. மேல் வகுப்பில் அது மாறும். இதனைப் பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லிவைத்தல் நலம்.

இப்போது சோடியத்தை நோக்குக. எலக்ட்ரான்கள் 11: உட்கூட்டில் 2, அடுத்ததில் 8, வெளியே ஒன்று. லித்தியத்திற்கும் வெளியே ஒன்று, பொட்டாசியத்திற்கும் ஒன்று. மூன்றும் உடன்பிறந்தார்போல் நடந்தது இதனாலன்றோ! குளோரினுக்கு வெளிக்கூட்டில் 7. எட்டு நிரம்ப ஒன்று குறை. சோடியம் தன் ஒன்றைக் கொடுக்க, குளோரின் அதனைக் கொள்ள, நீரில் துள்ளும் உலோகமும் நச்சு வாயுவும் சேர்ந்து நம் அடுக்களை உப்பாகின்றன. இஃதறிந்த பிள்ளைக்கு இணைதிறனை மனப்பாடம் செய்யும் வேலை பெரிதும் குறைந்துவிடும்.

மாணவர் பலரும் இடறுமிடம் பொட்டாசியம். மூன்றாம் கூடு 18 எலக்ட்ரான்களைக் கொள்ளும் என்று படித்துவிட்டு, பத்தொன்பது எலக்ட்ரானுள்ள பொட்டாசியத்திற்கு 2, 8, 9 என்று எழுதுவர், மதிப்பெண் போகும். விதியைத் திரும்பத் திரும்ப ஓதுவிப்பதைவிட, ‘பொட்டாசியம் யாரைப் போல் நடக்கிறது?’ என்று கேட்பதே தகும். சோடியத்தைப் போல் நடக்கிறது. எனின் அதன் வெளிக்கூட்டில் ஒன்றே இருத்தல் வேண்டும். ஆகவே 2, 8, 8, 1. அட்டவணை ஈண்டு அணுப்படத்தின் நடுவராக நிற்கின்றது. கால்சியத்திற்குப் பின்னரே, 21ஆம் தனிமமாகிய ஸ்காண்டியம் முதல், மூன்றாம் கூடு மீண்டும் நிரம்பத் தொடங்கும். இரும்பும் செம்பும் துத்தநாகமும் அட்டவணையின் நடுவே பாலம்போல் நிற்பது அதனாலேயே.

ஆவர்த்தனம் என்னும் சொல் கச்சேரி கேட்போர்க்குப் புதிதன்று. தாளத்தின் ஒரு சுற்றே ஆவர்த்தனம். தாளத்தில் சுற்றுகள் ஒத்த அளவின. இங்கோ சுற்று நீண்டுகொண்டே செல்லும்: 2, 8, 8, 18, 18, 32, 32. கூட்டிப் பாருங்கள், 118 வரும். எல்லாச் சுற்றும் ஒரே அளவின என்று கொண்டதனாலேயே நியூலண்ட்ஸின் சுரவரிசை கனமான தனிமங்களிடத்தே அபசுரமாயிற்று. ஏழாம் சுற்றின் இறுதி நான்கு இடங்களுள் மூன்று, நிஹோனியம் முதலிய பெயர்களோடு சேர்த்து, 2016இல் முறைப்படி பெயர் பெற்றன.

சுற்று முடியுமிடத்தில் நிற்கும் மந்த வாயுக்களைப் பற்றி ஒரு சொல். இவை எவரோடும் எளிதிற் சேராமையின் மெண்டலீவின் கண்ணுக்கும் தப்பின. 1868 ஆகஸ்ட் 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தைக் காண, அந்நாளைச் சென்னை மாகாணத்துக் குண்டூருக்குப் பிரான்சிலிருந்து ஜான்சென் என்னும் வானநூலார் வந்திருந்தார். அவ்வாண்டில் சூரிய ஒளியிற் காணப்பெற்ற ஒரு மஞ்சள் வரியே ஹீலியத்தின் முதற் செய்தி; பூமியில் அது 1895இல்தான் அகப்பட்டது. 1894இல் ஆர்கான் வெளிப்பட்டபோது அட்டவணை உடைந்ததென்றே சிலர் அஞ்சினர். உடையவில்லை, புதிய நிரல் ஒன்று சேர்ந்தது, அவ்வளவே.

முதல் இருபது தனிமங்களின் பெயரைப் பாட்டாக்கிப் பாடுவதை யாம் மறுக்கவில்லை. இருபது பெயரும் நாவில் நிற்றல் வேண்டும். குறியீடுகளையும் சிறிது விளக்கினால் போதும். சோடியத்திற்கு ‘என் ஏ’ என்னும் குறி நாட்ரியம் என்ற பழம்பெயரினின்றும், இரும்பிற்கு ‘எஃப் ஈ’ என்பது ஃபெர்ரம் என்ற இலத்தீன் சொல்லினின்றும் வந்தன என்றறிந்த பிள்ளை அவற்றைக் குழப்பாது. எஞ்சிய தொண்ணூற்றெட்டையும் எண்ணோடு ஒப்பிக்கச் சொல்லி, தவறினால் தலையிற் குட்டும் தந்தையரைத்தான் வேண்டிக்கொள்கிறோம்: குட்டாதீர்கள். உங்கள் கடைப் பேரேட்டை நீங்கள் மனப்பாடமா செய்து வைத்திருக்கிறீர்கள்? எப்பக்கத்தில் எது இருக்கும் என்பதன்றோ உங்களுக்குத் தெரியும்!

மண்டபத்தின் பின்புறத்து மேசையில், முதல் இருபது தனிமங்களுக்கும் சீட்டு எழுதி வைத்துள்ளோம். பெயரில்லை, நிறை, நிறம், நீரோடும் காற்றோடும் செய்யும் வினை ஆகியவை மட்டும் உண்டு. அவற்றுள் ஒரு சீட்டை எடுத்து எம் சட்டைப்பையில் ஒளித்திருக்கிறோம். சிற்றுண்டி முடிந்ததும் பிள்ளைகள் முன்வந்து சீட்டுகளை வரிசைப்படுத்தி, ஒளிந்திருப்பது எத்தகைய தனிமம், அதன் நிறை ஏறத்தாழ எவ்வளவு என்று கூறுக. பெற்றோர் சுற்றி நின்று பார்க்கலாம். கல்லூரியில் படிக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் மட்டும் தயைகூர்ந்து வாய் திறவாதிருக்க வேண்டுகிறோம்.