கணக்கு பார்த்த கெமிக்கல் இன்ஜினியர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேடைப் பேச்சு எனக்கு வராது. வைவாவில் நான் திணறியதைப் பார்த்த சார் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால் ஒரு இன்ஜினியரின் கதையைச் சொல்லி, சங்கத்திடம் ஒரு கோரிக்கையும் வைத்துவிட்டு இறங்கிவிடுகிறேன்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்று ஒருவர். 1926-ல் பிறந்தவர். 1949-ல் பர்டூ பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்தார். கோடாக் கம்பெனியில் வேலை. அதை விட்டுவிட்டு சமூகவியல் படிக்கப் போனார்! நம்ம வீட்டில் இதைச் சொன்னால் அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். 1955-ல் கொலம்பியாவில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1964-ல் அங்கே சிவில் உரிமைச் சட்டம் வந்தது. எல்லா இனப் பிள்ளைகளுக்கும் கல்வி வாய்ப்பு சமமாக இருக்கிறதா என்று ஆராய உத்தரவிட்டது. அந்தப் பொறுப்பு கோல்மனிடம் வந்தது. சுமார் 4,000 பள்ளிகள், 6 லட்சம் மாணவர்கள். அறிக்கை 1966-ல் வெளியானது.

கட்டடம், லேப், நூலகம் எண்ணியதோடு அவர் நிற்கவில்லை. பிள்ளைகளுக்கே பரீட்சை வைத்தார். மோட்டார் எத்தனை எச்.பி. என்று கேட்டுவிட்டுப் போகாமல், கடைமடைக்குத் தண்ணீர் போச்சா என்று பார்த்த மாதிரி.

கறுப்பினப் பள்ளிகளில் வசதி மிகவும் குறைவாக இருக்கும், அதுதான் காரணமாக இருக்கும் என்று அவரே எதிர்பார்த்தார். கணக்கு வேறு மாதிரி வந்தது. வசதியில் வித்தியாசம் நினைத்த அளவுக்கு இல்லை. மதிப்பெண் வித்தியாசத்தோடு அதிகம் பொருந்தியது குடும்பச் சூழ்நிலை. அடுத்து, கூடப் படிக்கும் பிள்ளைகள். 'என் வாழ்க்கை என் கையில்' என்ற நம்பிக்கையும் முக்கியமாக இருந்தது. வந்த விடையை அவர் மாற்றவில்லை, அப்படியே எழுதினார்.

'அப்போ பள்ளிக்கூடமே வேஸ்ட்டா?' என்று சிலர் அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். அப்படி இல்லை. பின்தங்கிய பிள்ளைகளுக்குத்தான் பள்ளியும் நல்ல ஆசிரியரும் கூடுதலாகத் தேவைப்படுகிறார்கள் என்றும் அதே அறிக்கை சொன்னது. அவர் கணக்கில் குறையே இல்லை என்றும் நான் சொல்ல வரவில்லை. ஒரே சமயத்தில் எடுத்த அளவை வைத்து எது காரணம், எது விளைவு என்று உறுதியாகப் பிரிக்க முடியாது. இந்த விமர்சனம் அப்போதே எழுந்தது.

1975-ல் இன்னொரு ஆய்வு. கோர்ட் உத்தரவால் பள்ளிகளில் இனங்களைக் கலக்கும்போது, பெரிய நகரங்களிலிருந்து வெள்ளையர்கள் வெளியேறுவது வேகமாகிறது என்றார். சொந்தக்காரர்களே எதிரிகளான கதைதான். சமூகவியல் சங்கத்துக்குள்ளேயே அவரைக் கண்டிக்க முயன்றார்கள்; நிறைவேறவில்லை. அதே சங்கம் பின்னாளில் அவரையே தலைவராக்கியது. 1995-ல் காலமானார்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? ஒரு பள்ளிக்கு நம் சங்கம் 10 கம்ப்யூட்டர் கொடுத்தது. 'சிறப்பாக வழங்கப்பட்டது' என்று அறிக்கை எழுதியவன் நான்தான். போன மாசம் அந்த வழியாகப் போனவன் உள்ளே எட்டிப் பார்த்தேன். அறை பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பத்தும் துணி போர்த்தி, மாலை போடாத குறையாக இருக்கிறது. வாட்ச்மேன், 'சாவி எங்கேன்னு தெரியலை தம்பி' என்றார். அந்தப் பள்ளியைக் குறை சொல்லவில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறதா என்று நாம் கேட்கவே இல்லையே!

இன்று மாலை இன்னும் 10 கம்ப்யூட்டருக்குத் தீர்மானம் வருகிறது. அண்ணன்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அதை ஒரு வருஷம் தள்ளிவைப்போம். முதலில் பிள்ளைகளுக்கு என்ன வாசிக்கத் தெரிகிறது, என்ன கணக்கு வருகிறது என்று ஆசிரியர்களோடு உட்கார்ந்து பார்ப்போம். சனிக்கிழமைகளில் போக நான் தயார். என்னோடு வருகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன் பெயர் கொடுங்கள். ஒரு வருஷம் கழித்து மறுபடி அளப்போம். விடை நமக்குப் பிடிக்காததாக வந்தாலும் அடுத்த மலரில் அப்படியே அச்சிடுவோம்.